2027-இல் எந்த இசைத்தொகுப்புக்கு விழா எடுக்கலாம்?

கல்முனைப் பக்கம் வாசிகசாலை ஒன்றை நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். மாதத்துக்கு ஒரு மாலை, மாலைக்கு ஒரு இசைத்தொகுப்பு. அது வெளியான நாளின் ஆண்டு நிறைவை ஒட்டி எல்லாரும் கூடியிருந்து முழுதாகக் கேட்பது, பிறகு கதைப்பது. 2027-க்கு நிரல் போட வேண்டும்; சினிமாப் பாட்டோடு நின்றுவிடாமல் றொக், ஜாஸ், ரெகே, ராப், சாஸ்திரிய இசை எல்லாம் வர வேண்டும் என்கிறார். அவருக்கு இரண்டு சிக்கல். ஒரே தொகுப்புக்கு இணையத்தில் மூன்று திகதி கிடக்கிறது, எதை எடுப்பது? வருகிற சனத்துக்கு இந்த வெளிநாட்டுத் தொகுப்புகளோடு என்ன உறவு?

தம்பி, வருடத்தைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். 1967-க்கு 60, 1977-க்கு 50, 1997-க்கு 30, 2007-க்கு 20 என்று நல்ல விளைச்சல் கண்ட வருடங்கள் எல்லாம் 2027-இல் ஒன்றாக வந்து விழுகின்றன. ஆனால் திகதிப் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு தொகுப்பைத் தேடாதீர்கள். எந்த இடத்தில் நிறுத்தி, திருப்பிப் போட்டு, ‘இதைக் கேளுங்கோ’ என்று உங்களால் சொல்ல முடியுமோ அந்தத் தொகுப்பை எடுங்கள். திகதி அதற்குப் பின்னால் வரட்டும். மட்டக்களப்பு நகரில், கேட்ட பாட்டைக் கசெட்டில் பதிந்து கொடுக்கும் ரெக்கோடிங் பார் ஒன்றின் கவுண்டருக்குப் பின்னால் நின்று காது வளர்த்தவன் நான். பாட்டு எந்த வருடம் வந்தது என்று அங்கே யாரும் கேட்டது கிடையாது. ‘அந்த வயலின் இறங்குற இடத்தில வெட்டிப் போடாதீங்க’ என்றுதான் சொல்லிவிட்டுப் போவார்கள்.

திகதிச் சிக்கலை முதலில் முடித்துவிடுவோம். ஒரு தொகுப்புக்கு மூன்று திகதி இருந்தால் மூன்றும் சரியாகவே இருக்கலாம். ரேடியோஹெட் குழுவின் ‘ஓகே கம்ப்யூட்டர்’ ஜப்பானில் 1997 மே 21, பிரித்தானியாவில் ஜூன் 16, அமெரிக்காவில் ஜூலை 1. ஒவ்வொரு நாட்டிலும் கம்பனி தன் வசதிக்கு ஒரு நாளில் கடைக்கு அனுப்பும். உலகம் முழுவதும் ஒரே நாள் என்ற ஏற்பாடு அப்போது இல்லை. தொண்ணூறுகளில் பிரித்தானியாவில் புதிய தொகுப்புகள் திங்கட்கிழமையும் அமெரிக்காவில் செவ்வாய்க்கிழமையும் வந்தன. மேலே சொன்ன ஜூன் 16 திங்கள், ஜூலை 1 செவ்வாய். நாட்காட்டியைப் பார்த்தால் தெரியும். 2015 ஜூலை 10-இலிருந்துதான் எல்லா நாட்டுக்கும் வெள்ளிக்கிழமை என்று இசைத்துறை முடிவு கட்டியது. ஆகவே உங்கள் கையில் உள்ள முதல் சோதனை கிழமைதான். தொண்ணூறுகளில் அமெரிக்காவில் வந்த தொகுப்புக்கு ஞாயிற்றுக்கிழமைத் திகதி போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள்.

சில திகதிகள் எழுதி எழுதியே நிலைத்துப்போனவை. டேவிட் போவியின் ‘சிக்கி ஸ்டார்டஸ்ட்’ தொகுப்புக்கு 1972 ஜூன் 6 என்று பல வருடங்களாகப் புத்தகங்களில் இருந்தது. இப்போது ஏற்றுக்கொள்ளப்பட்ட திகதி ஜூன் 16. பொப் டிலானின் ‘ப்ளொண்ட் ஒன் ப்ளொண்ட்’ தொகுப்பும் அப்படித்தான்: 1966 மே 16 என்று நெடுங்காலம் சொல்லி, பிறகு ஜூன் 20 என்று தள்ளிவைத்தார்கள். ஒரு புத்தகத்தில் விழுந்த திகதியை அடுத்த புத்தகம் எடுக்கும், அதை இணையம் எடுக்கும். இன்றைக்குப் பாட்டுக் கேட்கும் செயலிகளில் இன்னொரு தொல்லை இருக்கிறது. வருடம் மட்டும் தெரிந்த தொகுப்புக்கு ஜனவரி 1 என்று போட்டுவிடுவார்கள், அல்லது திரும்ப வெளியிட்ட பதிப்பின் திகதியைப் போடுவார்கள். பழைய இந்தியத் தட்டுக்கு ஜனவரி 1 என்று கண்டால் அது வருடம் மட்டுமே என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தட்டோ இறுவட்டோ கையில் கிடைத்தால் அதன் லேபலில் வட்டத்துக்குள் ஆங்கில ‘பி’ எழுத்தும் பக்கத்தில் ஒரு வருடமும் இருக்கும். அந்த ஒலிப்பதிவு முதலில் வெளியான வருடம் அதுதான். பக்கத்தில் ‘சி’ எழுத்தோடு இருப்பது அட்டைப் படத்துக்கும் எழுத்துக்கும் உரியது. மறுபதிப்பில் இது மாறும், ‘பி’ பெரும்பாலும் மாறாது. இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமானால் தட்டின் கடைசிப் பாட்டு முடிந்து லேபலுக்குப் போகும் மொட்டையான பகுதியில் கீறி எழுதிய எண்கள் இருக்கும். நேரே பார்த்தால் தெரியாது. தட்டைச் சாய்த்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி மெல்லத் திருப்பினால் எழுத்து ஒவ்வொன்றாக எழும்பி வரும். எந்த அச்சுப் பதிப்பு என்று அதை வைத்துத்தான் ஆட்கள் கண்டுபிடிக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது: பதிவு செய்த நாள் வேறு, வெளியான நாள் வேறு. க்ளென் கூல்ட் பியானோவில் வாசித்த பாஹ்கின் ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ 1955 ஜூனில் பதிவாகி 1956 ஜனவரியில் வந்தது. மைல்ஸ் டேவிஸின் ‘பேர்த் ஒப் த கூல்’ இன்னும் மோசம். 1949-இலும் 1950-இலும் பதிவானவற்றைச் சேர்த்து அந்தப் பெயரில் நீள்தட்டாகப் போட்டது 1957-இல். அதற்கு 2027-இல் 70 வயதா, 78 வயதா? ஜாஸ் மாலைக்கு அதை எடுத்தால் இந்தக் கேள்வியையே முன்னால் வையுங்கள். ஒன்பது பேர் கொண்ட குழுவில் பிரெஞ்ச் ஹோர்னும் டியூபாவும் ஏன் இருக்கின்றன என்று அதற்குப் பிறகு கதைக்கலாம்.

இனி நிரலுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் எதை எடுப்பேன் என்று மட்டும்.

பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்’ தொகுப்பை விட முடியாது. 1967 ஜூன் 1 என்பது அறிவித்த திகதி. பிரித்தானியாவில் மே 26-ஆம் திகதியே அவசரமாகக் கடைக்கு விட்டார்கள். இரண்டில் எதை எடுத்தாலும் பிழையில்லை. இந்தத் தொகுப்பைப் பற்றிப் பெரிய பேச்சு நிறைய உண்டு, அதெல்லாம் வேண்டாம். இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டிலிருந்து தொடங்குங்கள். ஜோர்ஜ் ஹரிசனின் அந்தப் பாட்டில் மற்ற மூன்று பீட்டில்ஸ்காரரும் இல்லை. லண்டனில் இருந்த இந்திய இசைக்கலைஞர்கள் தில்ருபா, தபேலா, தம்புரா, சுரமண்டல் வாசித்திருக்கிறார்கள். தம்புராச் சுருதி எழும்பியதும் கூட்டத்தில் இருக்கிற பாட்டு ரீச்சர் நிமிர்ந்து உட்காருவார், அவரைக் கதைக்க விடுங்கள். அட்டையையும் சுற்றுக்கு விடுங்கள். அதில் நிற்கும் கூட்டத்தில் பரமஹம்ச யோகானந்தரைத் தேடச் சொல்லுங்கள், இருக்கிறார். காந்தியும் இருந்தார், இந்தியாவில் பிரச்சினை வரும் என்று இ.எம்.ஐ. கம்பனி பயந்ததால் எடுத்துவிட்டார்கள். கடைசிப் பாட்டின் முடிவில் நீண்டு ஒலிக்கும் அந்தப் பியானோ அடியை யாரும் கைதட்டிக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. பிரித்தானியத் தட்டில் அதற்குப் பிறகும் ஒரு விளையாட்டு உண்டு. நாய்க்கு மட்டும் நன்றாகக் கேட்கும் உயர்ந்த ஒலி ஒன்று, பிறகு உள்வட்டத்தில் முடிவில்லாமல் சுற்றும் பிதற்றல் பேச்சு. தானாக நிற்காத பிளேயரில் போட்டால் நீங்கள் ஊசியைத் தூக்கும்வரை அது நிற்காது.

முடிந்தால் மோனோப் பதிப்பைத் தேடுங்கள். அந்தக் காலத்தில் குழு கூடவே இருந்து பார்த்துப் பார்த்துக் கலந்தது மோனோவை. ஸ்டீரியோவைப் பிறகு விறுவிறென்று முடித்தார்கள். ஒற்றை ஒலிபெருக்கியில் கேட்கிற வாசிகசாலைக்கு அது பொருத்தமும்கூட.

அதே 1967-இல் இந்தியாவில் எச்.எம்.வி. போட்ட ‘கோல் ஒப் த வலி’யை நான் பீட்டில்ஸுக்கு ஒரு படி மேலே வைப்பேன். இதைச் சொன்னால் சண்டைக்கு வருகிற நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். சிவகுமார் சர்மாவின் சந்தூர், ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல், பிரிஜ் பூஷண் காப்ராவின் கிற்றார். காப்ரா கிற்றாரை மடியில் கிடத்தி, கம்பியின் மேல் உருளையை வழுக்கிவிட்டு வாசிப்பார். ஆகவே சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையில் பள்ளமே இருக்காது. காஷ்மீர் ஆட்டிடையன் ஒருவனின் ஒரு நாள் என்பதுதான் கதை. விடியலுக்கு ஆஹீர் பைரவில் தொடங்கி, நட் பைரவ், பீலு, பூப், தேஷ் என்று நாள் நகர்ந்து இரவில் பஹாடியில் முடியும். வருடம்தான் கணக்கு என்பதால் நாளை நீங்களே தெரிந்தெடுக்கலாம். இதை மாலையில் வைக்காதீர்கள். கடற்கரை கிழக்குப் பார்த்த ஊர்க்காரர் நாங்கள். கல்முனையோ கல்லடியோ, விடிய ஐந்தரைக்கு முதல் பக்கத்தைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். இரண்டாம் பக்கத்தை அன்று பொழுது பட்ட பிறகு வாசிகசாலையில் கேட்கலாம்.

1977 வேறு மாதிரி வருடம். ஃப்ளீட்வூட் மக் குழுவின் ‘ரூமர்ஸ்’ பெப்ரவரி 4-இல் வந்தது. விற்பனையில் மலை, எனக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை. மார்ச்சில் ஜேர்மனியின் க்ராஃப்ட்வேர்க் குழு ‘ட்ரான்ஸ் யூரோப் எக்ஸ்பிரஸ்’ போட்டார்கள். ரயில் ஓடுகிற தாளத்தை இயந்திரத்தில் செய்தது. அதன் மெட்டை நியூயோர்க்கில் ஆப்ரிக்கா பம்பாட்டா எடுத்து 1982-இல் ‘ப்ளனட் ரொக்’ ஆக்கினார். ஹிப் ஹொப், எலக்ட்ரோ இரண்டுக்கும் அது அடிவேர்களில் ஒன்று. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் பெடியன்கள் பிடித்துக்கொள்வார்கள். அரை மணித்தியாலம் போதும்.

நின்று நிதானமாகச் செய்ய வேண்டியது பொப் மார்லியின் ‘எக்ஸடஸ்’. 1977 ஜூன் 3. அதன் முன்கதை இப்படி: 1976 டிசம்பர் 3-ஆம் திகதி கிங்ஸ்டனில் மார்லியின் வீட்டுக்குள் புகுந்து சுட்டார்கள். ஜமெய்க்காவில் தேர்தல் நெருங்கிய நேரம், இரண்டு கட்சிக்கும் துப்பாக்கிக் கூட்டங்கள் இருந்தன. அவருக்கும் மனைவி ரீட்டாவுக்கும் முகாமையாளருக்கும் காயம். இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 5-ஆம் திகதி, காயத்தோடு மேடையேறிப் பாடினார். பிறகு நாட்டை விட்டு வெளியேறி லண்டனில் இருந்துகொண்டு இந்தத் தொகுப்பைப் பதிவு செய்தார். பெயரின் பொருள் சனம் கூட்டமாகப் புறப்பட்டுப் போவது. அது வந்து இரண்டு மாதத்தில், 1977 ஆகஸ்டில், எங்கள் நாட்டில் வன்செயல் வெடித்து மலையகக் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு வடக்குக்கும் கிழக்குக்கும் வந்தன. அவர்களில் சிலருடைய பிள்ளைகள் உங்கள் கூட்டத்திலேயே இருப்பார்கள். மார்லியை இந்தச் சனத்துக்கு விளக்கத் தேவையில்லை, போட்டுவிட்டால் போதும்.

கேட்கும்போது கவனிக்க வேண்டிய இடம் தொடக்கம்தான். முதல் பாட்டு திடீரென்று தொடங்காது. தூரத்தில் இருந்து நடந்து வருவது போல ஒலி மெல்ல மெல்லக் கூடும். அவசரப்பட்டு வொலியூமைக் கூட்டிவிட்டால் அரை நிமிடத்தில் எல்லாரும் காதைப் பொத்துவார்கள், ஆகவே கையை எடுத்துவிடுங்கள். தட்டின் முதல் பக்கம் முழுக்க அரசியலும் நம்பிக்கையும். இரண்டாம் பக்கம் காதலும் ஆறுதலும். இறுவட்டிலோ செயலியிலோ கேட்டால் இந்தப் பிரிவு தெரியாமல் ஓடிப்போகும். ஐந்தாம் பாட்டு முடிந்ததும் நிறுத்தி, தேநீர் கொடுத்து, பிறகு மிச்சத்தைப் போடுங்கள். ரெகே தாளத்தையும் காட்டலாம். முதல் அடியை விட்டுவிட்டு மூன்றாம் அடியில் ட்ரம் விழுகிறது. கிற்றார் இடையடிகளில் மட்டும் வெட்டி வெட்டி வருகிறது. எங்கள் பக்கத்துப் பறைமேளக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு இந்தத் தாளத்துக்கு அடிக்கச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் விளங்கும். எழுதி விளங்கப்படுத்துவது கஷ்டம். பிரித்தானியப் பட்டியலில் இது 56 கிழமைகள் விடாமல் நின்றது என்பதும், 1999-இல் ‘டைம்’ சஞ்சிகை இதை நூற்றாண்டின் தொகுப்பு என்று தெரிந்தது என்பதும் அறிமுகத்தில் ஒரு வரிக்குப் போதும்.

அதே வருடம் செப்டெம்பர் 15-ஆம் திகதி ‘16 வயதினிலே’ படம். சினிமா வேண்டாம் என்று நீங்கள் சொன்னது ‘சினிமா மட்டும் வேண்டாம்’ என்ற பொருளில்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். இளையராஜாவின் ‘அன்னக்கிளி’ 1976 மே 14-இல் வந்தது. அதைப் பெரிதாகக் கொண்டாடிவிட்டு இதை விட்டுவிடுவார்கள். ஆனால் தொகுப்பாகக் கேட்க எனக்கு இதுதான். எஸ். ஜானகிக்கு முதல் தேசிய விருது கிடைத்தது இதில் வந்த ‘செந்தூரப் பூவே’ பாட்டுக்கு. கங்கை அமரன் பாட்டெழுத வந்ததும் அதே பாட்டில். எஸ்.பி.பி.க்குச் சுகமில்லாமல் போனதால் அவர் பாட வேண்டியவை மலேசியா வாசுதேவனுக்குப் போய், அந்தக் குரல் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது. எங்களுக்கு இவை தட்டாக வரவில்லை. எழுபதுகளின் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் இசைத்தட்டு என்பது கொழும்பில் வசதியுள்ளவர்களின் பொருள். கிழக்கில் சனம் கேட்டது இலங்கை வானொலி வர்த்தக சேவையில். ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரலோடு சேர்த்துத்தான் அந்தப் பாட்டுகள் பலருக்கும் ஞாபகம். அந்த மாலைக்குப் பாட்டைத் தனியாகப் போடாமல், அந்தக் கால நேயர் விருப்ப நிகழ்ச்சி மாதிரி ஒரு பெடியனையோ பிள்ளையையோ அறிவிப்புச் செய்யவிட்டுப் போடலாம்.

1997-க்கு ஏ.ஆர். ரஹ்மானின் ‘வந்தே மாதரம்’ இருக்கிறது. இந்தியச் சுதந்திரத்தின் 50-ஆம் ஆண்டுக்காகச் செய்தது. நன்றாகச் செய்த தொகுப்புத்தான், ஆனால் அம்பாறை மாவட்டத்தில் ஒரு வாசிகசாலை அதற்கு விழா எடுக்க என்ன காரணம் என்று எனக்கு விளங்கவில்லை. ரஹ்மான் வேண்டுமென்றால் 1992 ஆகஸ்ட் 15-இல் வந்த ‘ரோஜா’வுக்கு 2027-இல் 35. 1992-இல் மட்டக்களப்பில் பொழுது பட்டால் தெருவில் ஆள் நடமாட்டம் கிடையாது. சனம் கதவைப் பூட்டிக்கொண்டு பற்றரியில் ஓடும் கசெட் பெட்டியில் கேட்ட தொகுப்பு அது. ரெக்கோடிங் பாருக்கு வெற்று டீ.டி.கே. கசெட்டைக் கொண்டுவந்து தந்து, ‘ஏ பக்கமும் ரோஜா, பீ பக்கமும் ரோஜா’ என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அடிநாதத்தில் உறுமும் அந்தச் சத்தம் எங்கள் பெட்டிகளின் சின்ன ஒலிபெருக்கிக்குத் தாங்காது, அதிர்ந்து கிழியும். நல்ல ஒலிபெருக்கியில் அதை முதல்தரம் கேட்பவர்கள் உங்கள் கூட்டத்தில் நிறையப் பேர் இருக்கக்கூடும்.

2007-க்குத் தயங்காமல் மாயாவின் ‘கலா’. எம்.ஐ.ஏ. என்று அறியப்பட்ட மாதங்கி அருள்பிரகாசம் முதல் தொகுப்புக்குத் தகப்பனின் பெயரை வைத்தார், இதற்குத் தாயின் பெயர். இதற்கும் மூன்று திகதி: ஜப்பானில் 2007 ஆகஸ்ட் 8, பிரித்தானியாவில் 20, அமெரிக்காவில் 21. 2027-இல் ஆகஸ்ட் 21 சனிக்கிழமை, ஆகவே அமெரிக்கத் திகதியை எடுங்கள், ஆட்கள் வருவார்கள். அமெரிக்க விசா கிடைக்காமல் போனதால் பல நாடுகளில் திரிந்து பதிவு செய்த தொகுப்பு இது. சென்னையில் ரஹ்மானின் ஸ்டூடியோவில் உறுமி மேளக்காரர்களை வைத்துச் செய்த பாட்டு ஒன்று இருக்கிறது. அதைத்தான் முதலில் போட வேண்டும். லண்டன் கிளப்பில் ஆடுகிறவனுக்குப் புதுச் சத்தம். எங்களுக்குக் கோயில் வீதியில் கேட்ட சத்தம். மார்லி மாலைக்கு வந்த அதே பறைமேளக்காரரை இதற்கும் கூப்பிடுங்கள். அவர் ‘இது என்ன தம்பி, அரைகுறையா வெட்டி ஒட்டியிருக்கு’ என்று சொன்னாலும் சொல்லுவார். அதிலிருந்தே ஒலித்துண்டை வெட்டி எடுத்து ஒட்டும் முறையைப் பற்றிக் கதை தொடங்கும். அந்தத் தொகுப்பின் மிகப் பெரிய வெற்றிப் பாட்டே இங்கிலாந்தின் த க்ளாஷ் குழுவின் பழைய பாட்டொன்றின் துண்டின் மேல் கட்டியதுதான். அவருடைய அரசியலைப் பற்றிக் கூட்டத்தில் கருத்து வேறுபாடு வரும். வரட்டும். தடுக்கப் பார்த்தால் மாலை செத்துவிடும்.

காத்தான்குடி, மருதமுனைப் பக்கத்து ஆட்களும் வர வேண்டும் என்றால் நாகூர் ஹனிபா இல்லாமல் நிரல் நிரம்பாது. அவருடைய தட்டுகளுக்கு நாள் கணக்குத் தேடி அலைய வேண்டாம். அவர் காலமான ஏப்ரல் 8-ஆம் திகதியை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-இல் போனவர். எல்லா மாலையையும் இஷாத் தொழுகைக்குப் பிறகு தொடங்கினால் இரு பக்கத்தாருக்கும் வசதி.

வட்டமான எண் இல்லாத வருடத்துக்கும் ஒரு யோசனை. 1991 செப்டெம்பர் 24, செவ்வாய்க்கிழமை. அன்று ஒரே நாளில் நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’, ரெட் ஹொட் சில்லி பெப்பர்ஸின் ‘ப்ளட் சுகர் செக்ஸ் மஜிக்’, எ ட்ரைப் கோல்ட் க்வெஸ்ட்டின் ‘த லோ எண்ட் தியறி’ மூன்றும் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன. கிரஞ்ச் ஒன்று, ஃபங்க் றொக் ஒன்று, ஜாஸ் கலந்த ராப் ஒன்று. கடைசியில் சொன்னதில் ஒரு பாட்டுக்கு பாஸ் வாசித்தவர் ரொன் கார்ட்டர், அறுபதுகளில் மைல்ஸ் டேவிஸ் குழுவில் இருந்தவர். ஜாஸ் மாலைக்கு வந்தவர்களுக்கு மைல்ஸின் பெயர் பழகியிருக்கும்.

இரண்டாவது சிக்கலுக்குப் பாதிப் பதில் மேலேயே வந்துவிட்டது. மிச்சம் கசெட்டில் இருக்கிறது. வெளியான திகதி ஒன்று, எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த திகதி இன்னொன்று. 1977 தேர்தலுக்குப் பிறகு இறக்குமதி திறந்தது. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் கசெட் பெட்டியோடு வந்தார்கள். ஐம்பது வருடத்துக்கு முந்திய ரெகேயோ பொப்போ இங்கே வீடுகளுக்குள் நுழைந்தது அந்தப் பயணப் பைகளில்தான். 1978 நவம்பர் சூறாவளி, பிறகு இடப்பெயர்வுகள், 2004 டிசம்பர் 26 கடல்கோள் எல்லாம் போக மிஞ்சியவை எங்கோ ஒரு அலுமாரியில் பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கும். ஒவ்வொரு மாலைக்கும் ஆட்களைத் தங்கள் கசெட்டுகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். உள்ளே மடித்து வைத்த அட்டையைப் பாருங்கள்: நீலப் பேனாவில் பாட்டு வரிசை, மூலையில் கடையின் ரப்பர் முத்திரை, சிலதில் திகதி. தோஹாவிலிருந்து மாமா அனுப்பியது என்று ஒரு வரி இருக்கலாம். அந்த அட்டைகளைப் படம் பிடித்து, ஊரையும் ஆண்டையும் குறித்து வைத்தால் அது எந்த இணையத்திலும் இல்லாத பட்டியல். பெயர், விலாசம் இருந்தால் மறைத்துவிடுங்கள்.

ஆனால் கொண்டுவந்ததை உடனே பெட்டிக்குள் தள்ளிவிடாதீர்கள். கசெட்டின் ஜன்னல் வழியே நாடாச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளைப் பொட்டுகள் இருந்தால் பூஞ்சணம். ஓட்டினால், நாடாவில் உள்ளதை வாசிக்கும் ஹெட் முழுக்க அப்பி அடுத்த கசெட்டுக்கும் போகும். முன்பக்கத்தின் நடுவில், நாடாவுக்குப் பின்னால், ஒரு மெல்லிய செப்புத் தகட்டில் சின்னப் பஞ்சுத் துண்டு ஒட்டியிருக்கும். நாடாவை ஹெட்டோடு அழுத்துவது அதுதான். எங்கள் கடற்காற்றில் தகடு பச்சை பிடிக்கும், பசை காய்ந்து பஞ்சு விழும். அது விழுந்துவிட்டால் பாட்டு தண்ணீருக்குள் இருந்து வருகிற மாதிரிக் கேட்கும். நாடா கெட்டுவிட்டது என்று எறிந்துவிடுவார்கள். ஐந்து திருகாணி போட்ட கசெட் என்றால் திறந்து, உதவாத இன்னொரு கசெட்டின் தகட்டைப் பஞ்சோடு மாற்றிவிடலாம். திருகாணி இல்லாமல் ஒட்டியது என்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஹெட்டை ஐசோபுரொப்பைல் மதுசாரம் தொட்ட பஞ்சால் துடையுங்கள். ஹெட்டின் பக்கத்தில் உள்ள சின்னத் திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, சத்தத்தின் கூர்மை அதிகமாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு ரெக்கோடிங் பாரின் பெட்டியும் ஒவ்வொரு கோணத்தில் பதிந்திருக்கும், ஆகவே கசெட்டுக்குக் கசெட் இதைச் செய்ய வேண்டும். பிறகு ஒரே ஓட்டமாக ஓடவிட்டு மடிக்கணினியில் எடுத்துவிடுங்கள். ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். எடுத்ததை யூடியூபில் ஏற்ற வேண்டாம், பாட்டுக்கு உரிமைக்காரர் இருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. 2027-இல் எங்கள் மாவட்டங்களுக்கே உரிய ஒரு வெளியீட்டு நாள் இருக்கிறது. அது இசைத்தட்டு அல்ல, இசை பற்றிய புத்தகம். காரைதீவில் 1892 மார்ச் 27-இல் பிறந்த சுவாமி விபுலானந்தரின் ‘யாழ் நூல்’ 1947 ஜூன் 5, 6-ஆம் திகதிகளில் தமிழ்நாட்டின் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. அடுத்த மாதம், ஜூலை 19-ஆம் திகதி, அவர் காலமானார். கல்லடி உப்போடையில் சமாதி. அழிந்துபோன யாழ் எப்படி இருந்தது, சிலப்பதிகாரம் சொல்லும் பண்களுக்குச் சுரம் என்ன என்று விஞ்ஞானம் படித்தவருக்குரிய கணக்கோடு தேடியவர் அவர். புத்தகம் கடினம், கூட்டத்தில் வாசித்துக் காட்டினால் பாதிப் பேர் எழும்பிப் போவார்கள். அதற்குப் பதிலாக ஒரு தம்புராவையோ கிற்றாரையோ கொண்டுவந்து, கம்பியின் பாதியில் விரலை அழுத்தினால் மேல் சட்சம், தலைப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கில் அழுத்தினால் பஞ்சமம், நான்கில் ஒரு பங்கில் அழுத்தினால் மத்திமம் என்று காதுக்குக் காட்டுங்கள். அவர் கணக்கு அங்கிருந்துதான் புறப்படுகிறது. பிறகு பண்ணோடு தேவாரம் பாடக்கூடிய ஒருவர், அதற்குப் பிறகு மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களைப் பற்றி அவர் எழுதிய ‘நீரர மகளிர் இன்னிசைப் பாடல்’. கல்லடியில் அவர் பெயரிலேயே அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது; பாடவும் வாசிக்கவும் அங்கே மாணவர்களைக் கேட்கலாம்.

அந்த இரண்டு நாளும் 2027-இல் சனியும் ஞாயிறுமாக வருகின்றன. காரைதீவில் செய்வதென்றால் மண்டபத்தையும் ஒலிபெருக்கியையும் சித்திரைக்கு முன்னமே சொல்லி வையுங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திக் காலம், அந்த நேரம் இரண்டுமே கைக்கு அகப்படாது.